காலேஜில் இடம் கிடைச்சாச்சு, முதல் வருஷப் படிப்புக்கு என்ன ஏற்பாடு?



ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதம் நம்ம கடற்கரைப் பகுதிக்கு எப்பவும் நெருக்கடியான மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் துறைகளில் படகுகள் கட்டிக் கிடக்கும். மீன், கருவாடு விற்கும் நம் உறுப்பினர்கள் கையிலும் காசு புரளாது. அந்தச் சமயம் பார்த்துத்தான் காலேஜ் விண்ணப்பம், கவுன்சிலிங், அட்மிஷன், ஹாஸ்டல் என்று செலவு வரிசையாக வந்து நிற்கும். மே, ஜூன் மாதக் கூட்டங்களில் "பிள்ளை படிப்புக்கு" என்று உள்கடன் கேட்டு நாலு பேராவது எழுந்து நிற்பது இதனால்தான்.

அந்தக் கூட்டங்களில் பேச்சு எல்லாம் பணத்தைப் பற்றியே இருக்கும். ஃபீஸ் எவ்வளவு, பஸ் பாஸ் கிடைக்குமா, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எங்கே வாங்கணும். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் "காலேஜில் என் பொண்ணு என்ன படிக்கப் போகுது? அதுக்கு இப்பவே என்ன தயார் பண்ணணும்?" என்று ஒரு அம்மாவும் கேட்பதில்லை. கேட்காததற்குக் காரணமும் தெரிகிறது. நம்மில் நிறையப் பேர் எட்டாவது, பத்தாவதோடு நின்றவர்கள். காலேஜ் படிப்பு என்பது பிள்ளைக்கும் வாத்தியாருக்கும் உள்ள விஷயம், நமக்கு அதில் என்ன தெரியும் என்று ஒதுங்கி விடுகிறோம்.

நவம்பர், டிசம்பரில் முதல் செமஸ்டர் பரீட்சை எழுதி, பிறகு ரிசல்ட் வரும்போதுதான் வீட்டில் பேச்சு மாறும். "மூணு பேப்பர் அரியராம்." உடனே ஒரு பெரியப்பா, ஒரு மாமா கிளம்பி விடுவார்: "அதுக்குப் படிப்பு ஏறல. நல்ல மாப்பிள்ளை வந்திருக்கு, பேசி முடிச்சிடுவோம்." பையனாக இருந்தால் "வெளிநாட்டுக்கு அனுப்பு" அல்லது "படகுக்குப் போகட்டும்". ப்ளஸ் டூவில் நானூறுக்கு மேல் வாங்கிய பிள்ளை ஆறே மாதத்தில் படிப்பு வராத பிள்ளை ஆகிவிடுகிறது. உண்மையில் அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைந்து போகவில்லை. படிக்கும் முறை மாறியது, மொழி மாறியது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. பக்கத்தில் மகளையோ மகனையோ உட்கார வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாலும் சரி.

பள்ளிக்கூடம் வேற, காலேஜ் வேற

பள்ளியில் ஒரு வருஷம் முழுக்க ஒரே புத்தகம். ஆசிரியர் முக்கியமான கேள்விகளைக் குறித்துத் தருவார், திரும்பத் திரும்ப டெஸ்ட் வைப்பார், கடைசி மூன்று மாதம் சிறப்பு வகுப்பு. வராத பிள்ளை வீட்டுக்குப் போன் வரும். காலேஜில் இதெல்லாம் கிடையாது. ஒரு செமஸ்டருக்கு ஏறக்குறைய 90 வேலை நாட்கள். அதற்குள் ஐந்து, ஆறு பாடம் முடிந்து, பரீட்சையும் வந்துவிடும். பல பாடங்களுக்கு இதுதான் புத்தகம் என்று ஒன்றைக் கையில் தர மாட்டார்கள். 'சிலபஸ்' என்று ஒரு தாள் தருவார்கள். அதில் ஒவ்வொரு பாடமும் ஐந்து யூனிட்டாகப் பிரித்திருக்கும். கீழே படிக்க வேண்டிய நூல்களின் பெயர் இருக்கும். அந்த நூல்களை நூலகத்தில் தேடி எடுத்துக் குறிப்பு எழுதிக் கொள்வது மாணவர் பொறுப்பு.

இன்னொரு குழப்பம் டைம்டேபிள். நிறைய கலைக் கல்லூரிகளில் திங்கள், செவ்வாய் என்று பாட அட்டவணை இருக்காது. 'டே ஆர்டர்' என்று முதல் நாள், இரண்டாம் நாள் என ஆறாம் நாள் வரை சுற்றி வரும். நடுவில் லீவு விட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். புதிதாகப் போகும் பிள்ளைகள் முதல் இரண்டு வாரம் இதிலேயே தடுமாறிப் போவார்கள். முன்பே தெரிந்தால் இது ஒரு விஷயமே இல்லை.

பாடங்களையும் பார்ட் ஒன்று, பார்ட் இரண்டு என்று பிரித்திருப்பார்கள். ஒன்று தமிழ், இரண்டு ஆங்கிலம், மூன்றுதான் அவர்கள் எடுத்த முதன்மைப் பாடமும் துணைப் பாடமும். பி.எஸ்.சி. கணிதம் எடுத்த பிள்ளையும் முதல் வருஷம் தமிழும் ஆங்கிலமும் படித்தே ஆகணும். அதில் தோற்றாலும் அரியர்தான். "மேஜர் மட்டும் பாஸ் பண்ணினாப் போதும்" என்று சீனியர்கள் சொல்வதை நம்ப வேண்டாம்.

25-ம் 75-ம்

மார்க் கணக்கை அம்மாக்கள் தெரிந்துகொள்வது அவசியம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கலை, அறிவியல் கல்லூரிகளில் (நம் மாவட்டக் கல்லூரிகள் இதில்தான் வருகின்றன) ஒரு பாடத்துக்கு 100 மார்க் என்றால் 25 மார்க் இன்டர்னல், 75 மார்க் செமஸ்டர் பரீட்சை. இதுதான் வழக்கமான கணக்கு. இன்டர்னல் என்பது கல்லூரிக்குள்ளேயே வைக்கும் டெஸ்ட், அசைன்மென்ட், செமினார் ஆகியவற்றுக்கு அந்தந்தப் பேராசிரியர் போடுவது. தேர்ச்சிக்கு 40 சதவீதம். அதாவது 25-க்கு 10, 75-க்கு 30. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளிலும் தொழிற்கல்வியிலும் கணக்கு மாறலாம், சேரும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த 25 மார்க்கை நம் மாதச் சந்தா மாதிரி நினைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் கட்ட முடியாது, மாதாமாதம் சேர்வது. ஆகஸ்டில் கொடுத்த அசைன்மென்ட்டை அக்டோபரில் கொண்டு போனால் வாங்க மாட்டார்கள். இன்டர்னலில் 20 வாங்கிய பிள்ளைக்கு செமஸ்டர் பரீட்சை அன்று பாதி பயம் போய்விடும்.

75 மார்க் வினாத்தாள் மூன்று பகுதியாக வருவது வழக்கம். முதல் பகுதியில் 2 மார்க் கேள்வி பத்து, மொத்தம் 20. அடுத்த பகுதியில் 5 மார்க் கேள்வி ஐந்து, ஒவ்வொன்றிலும் 'இது அல்லது அது', மொத்தம் 25. கடைசியில் ஐந்து பெரிய கேள்வி கொடுத்து மூன்று எழுதச் சொல்வார்கள், தலா 10, மொத்தம் 30. கேள்விகள் ஐந்து யூனிட்டிலும் பரவலாக வரும். "ரெண்டு யூனிட் படிச்சா பாஸ்" என்ற பேச்சு ஆபத்து. ஐந்து யூனிட்டிலும் 2 மார்க் விஷயங்களைத் தெரிந்து வைத்து, மூன்று யூனிட்டை முழுசாகப் படித்த பிள்ளை தாராளமாகத் தேறும். நூலகத்திலோ துறையிலோ பழைய வினாத்தாள் கிடைக்கும். வகுப்பு தொடங்கிய முதல் மாதத்திலேயே அதை வாங்கிப் பார்க்கணும், பரீட்சைக்கு முதல் வாரம் அல்ல. எதைத் தேடிப் படிக்கிறோம் என்று தெரிந்து படிப்பதற்கும் தெரியாமல் படிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். 90 நாளில் 22 நாள் வரைதான் லீவு தாங்கும். குறைந்தால் அபராதம், இன்னும் குறைந்தால் பரீட்சையே எழுத முடியாது. நம்ம பகுதிப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கு. மீமிசலிலிருந்து அறந்தாங்கிக்கே ஒரு மணி நேரப் பயணம், புதுக்கோட்டை என்றால் இரண்டு மணி நேரமும் ஆகும். காலை பஸ்ஸை விட்டால் முதல் வகுப்பு போச்சு. ஒரு நாளைக்கு ஐந்து வகுப்பு, மணிக்கணக்கில் வருகை குறிக்கும் கல்லூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் முதல் வகுப்பைத் தவறவிடும் பிள்ளைக்கு, ஒரு நாள்கூட லீவு போடாமலே 20 சதவீதம் போய்விடும். மிச்சம் இருப்பது 5 சதவீதம். ஒரு காய்ச்சல், ஒரு சொந்தக்காரர் கல்யாணம் வந்தால் அதுவும் தீர்ந்தது. அதனால் எந்த பஸ்ஸில் போவது, அது எத்தனை மணிக்குக் கல்லூரி வாசலுக்குச் சேர்க்கும் என்பதைக் காலேஜ் திறப்பதற்கு முன்பே ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள். இதுவும் படிப்புக்கான தயாரிப்புதான்.

"எல்லாம் இங்கிலீஷ்ல நடத்துறாங்கம்மா"

முதல் மாதம் வீட்டுக்கு வந்து அழுகிற பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேர் சொல்வது இதைத்தான். பன்னிரண்டு வருஷம் தமிழ் வழியில் படித்துவிட்டு பி.காம்., பி.சி.ஏ., பி.எஸ்.சி., நர்சிங், இன்ஜினியரிங் என்று போனால் பாடம் ஆங்கிலத்தில். இதில் ஒரு உண்மையைச் சொல்லணும். பிள்ளைக்குப் பாடம் தெரியும். பெயர்தான் தெரியாது.

பி.காம். சேரும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம் எல்லாம் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவில் போட்ட கணக்குதான். காலேஜில் ஜர்னல், லெட்ஜர், ட்ரையல் பேலன்ஸ், டிப்ரிசியேஷன் என்று சொன்னதும் ஏதோ புது உலகம் போல மிரண்டு போகிறது. ஏன், நம் குழுவின் ஊக்குநரைக் கேளுங்கள். ரொக்கப் புத்தகம், பொதுப் பேரேடு, கடன் பேரேடு, பற்று, வரவு எல்லாம் அவர் கையில் தினம் புழங்குகிறது. பி.காம். படிக்கும் பெண் ஒரு சனிக்கிழமை குழுக் கணக்கை உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் முதல் யூனிட் பாதி புரிந்துவிடும். குழுவுக்கும் கணக்கு எழுத ஆள் கிடைக்கும்!

கணிதத்திலும் இதே கதை. வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் என்று படித்ததுதான் டிஃபரென்ஷியல் கால்குலஸ், இன்டக்ரல் கால்குலஸ். அணி என்பது மேட்ரிக்ஸ். உயிரியலில் உடற்கூறியல் என்பது அனாட்டமி. அந்தச் சொற்கள் ஒரு இருநூறு, முந்நூறு கையில் இருந்தால் வகுப்பில் காது திறந்துகொள்ளும்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது, செலவும் அதிகம் இல்லை. அரசுப் பாடநூல் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும் வருகிறது. அத்தியாயம், படம், கணக்கு, பயிற்சி எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும், மொழி மட்டும்தான் வேறு. பிள்ளை படித்த ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ தமிழ்ப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டு விடாதீர்கள். அதே பாடத்தின் ஆங்கில வழிப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டிலோ, ஆங்கில வழியில் படித்த தோழியிடமோ கேட்டு வாங்குங்கள். இணையத்தில் இலவசமாகவும் போனில் இறக்கிக்கொள்ளலாம். இரண்டையும் பக்கம் பக்கமாக விரித்து வைத்து, தினம் இரண்டு பக்கம் படித்து, தெரியாத சொல்லை ஒரு நோட்டில் இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ் என்று எழுதி வரணும். ஒரு நாளைக்குப் பத்துச் சொல். ரிசல்ட் வந்து காலேஜ் திறக்க ஒன்றரை மாதம் இருந்தால் நானூறு சொல்லுக்கு மேல் ஆகிவிடும். எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கும் மூவாயிரம், நாலாயிரம் கட்டுவதைவிட இது முதல் செமஸ்டருக்கு நேரடியாக உதவும் என்பது என் அபிப்பிராயம். பேசப் பழகுவது தேவைதான், அது மெல்ல வரட்டும். முதலில் பாடம் புரியணும்.

பரீட்சையைத் தமிழில் எழுதலாமா என்று கேட்கிறார்கள். ஆங்கில வழிப் படிப்பாக இருந்தாலும் மாணவர்கள் தாய்மொழியில் தேர்வெழுத அனுமதிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் பிள்ளையின் கல்லூரியில், அந்தப் படிப்பில் எப்படி என்று துறைத் தலைவரிடம் முதல் மாதமே கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறு இல்லை, வெட்கமும் இல்லை. சில படிப்புகள் தமிழ் வழியிலேயே இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவில், மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கைத் தமிழ் வழியில் தொடங்கியது.

காலேஜ் திறந்ததும் சில நாட்கள் 'பிரிட்ஜ் கோர்ஸ்' என்று ஒரு அறிமுக வகுப்பு வைப்பார்கள். பள்ளிப் பாடத்துக்கும் கல்லூரிப் பாடத்துக்கும் நடுவே பாலம் போடுகிற வகுப்பு அது. நம் ஊர்ப் பிள்ளைகள் "இன்னும் கிளாஸ் ஆரம்பிக்கல, சும்மாதான் உக்கார வெச்சிருக்காங்க" என்று அந்த வாரத்தில்தான் லீவு போடுகிறார்கள். தயவுசெய்து அனுப்பி வையுங்கள். தமிழ் வழிப் பிள்ளைக்கு அந்தச் சில நாட்களில் கிடைப்பது பிறகு கிடைக்காது.

முத்துலட்சுமி பணம்

கர்ப்பிணிப் பெண்களுக்கு வரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியை "முத்துலட்சுமி பணம்" என்றே நாம் சொல்கிறோம். அந்த முத்துலட்சுமி நம்ம புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பெண் பிள்ளை பெரிய மனுஷி ஆனால் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்றிருந்த காலம். அவர் வீட்டிலேயே பாடம் கற்று மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. பையன்கள் படிக்கிற இடத்தில் ஒரு பெண்ணா என்று. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்த பிறகுதான் சேர முடிந்தது. அந்தக் கல்லூரியின் முதல் மாணவி அவர்தான். வகுப்பில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார் என்று சொல்வார்கள். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டரானார். பிறகு சட்டமன்ற மேலவை, அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று அவர் செய்தது எல்லாம் தனிக் கட்டுரைக்கு ஆகும்.

இங்கே நான் அவரைச் சொல்வதற்குக் காரணம் வேறு. வீட்டிலேயே படித்துப் பழகிய ஒரு பெண் கல்லூரிப் பாடத்தைப் பிடித்துக்கொண்டது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். தானாகப் புத்தகத்தை எடுத்துப் படிக்கும் பழக்கம் அவருக்கு முன்பே வந்திருந்தது. நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் எல்லாமே கிடைத்தும் அந்த ஒரு பழக்கம்தான் குறைவாக இருக்கு. நோட்ஸ் கொடுத்தால் மனப்பாடம், கொடுக்காவிட்டால் கை கட்டி நிற்பது.

படித்தது ஏன் மறந்து போகுது?

இதில் ஆராய்ச்சியே நடந்திருக்கு. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு பேர் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு பாடங்களைக் கொடுத்தார்கள். ஒரு பாடத்தைத் திரும்பவும் படித்தார்கள். இன்னொரு பாடத்தை ஒரு முறை படித்து, புத்தகத்தை மூடி வைத்து, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்த பாடம்தான் கூட நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். எழுதிப் பார்த்த பாடத்தில் 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்த பாடத்தில் 42 சதவீதம்தான்.

நமக்கு இது புதுசு இல்லை. கூட்டம் முடிந்த அன்றே தீர்மான நோட்டை எழுதினால் யார் என்ன சொன்னார் என்பது சரியாக வரும். ஒரு வாரம் கழித்து எழுத உட்கார்ந்தால் பாதி ஞாபகத்தில் இருக்காது, சண்டைதான் வரும். அதே மாதிரி, பிள்ளை வீட்டுக்கு வந்ததும் அன்றைய வகுப்பில் நடந்ததை நோட்டைப் பார்க்காமல் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். வராத இடத்தை மட்டும் நோட்டில் பார்க்கட்டும். ஒரு பாடத்துக்குப் பத்து நிமிஷம் போதும். பஸ்ஸில் வரும் ஒரு மணி நேரத்தில் மனசுக்குள் சொல்லிப் பார்க்கலாம், பக்கத்தில் தோழி இருந்தால் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளலாம். உங்களிடமும் சொல்லட்டும். உங்களுக்குப் புரியணும் என்று அவசியமே இல்லை. அம்மாவுக்குப் புரிகிற மாதிரி தமிழில் சொல்ல முயற்சி செய்யும்போது அந்தப் பிள்ளைக்கே எது புரியவில்லை என்று தெரிந்துவிடும்.

பெரிய கேள்விக்கு மூன்று, நாலு பக்கம் எழுதிப் பழகுவது இன்னொரு வேலை. வாரம் ஒரு 10 மார்க் கேள்வி, கடிகாரம் வைத்து எழுதட்டும். எழுதியதை அந்தப் பாடப் பேராசிரியரிடம் காட்டித் திருத்தித் தரச் சொல்லலாம். கேட்கிற மாணவரை ஒதுக்கும் பேராசிரியர்கள் குறைவு. கேட்கத் தயங்கும் மாணவர்கள்தான் அதிகம்.

வீட்டில் ஒரு இடம், இரண்டு மணி நேரம்

இனி நம் பங்கு. காலை ஏழு மணிக்கு பஸ் ஏறிய பெண் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வீடு வந்து சேரும். வந்ததும் தண்ணி பிடி, பாத்திரம் கழுவு, தம்பிக்குச் சோறு போடு, மாவு ஆட்டு. எட்டரை மணிக்குப் புத்தகத்தைத் தொட்டால் தூக்கம் வரும். அதே வீட்டில் பாலிடெக்னிக் போகும் பையன் வந்ததும் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, நம் எல்லார் வீட்டிலும் இப்படித்தான். ஆனால் முதல் இரண்டு செமஸ்டராவது ஏழிலிருந்து ஒன்பது வரை அந்தப் பெண்ணை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். பையனும் தண்ணி பிடிக்கட்டும், கை தேயாது.

போன் விஷயத்தில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. போனே கூடாது என்று பிடுங்கி வைத்தால் அசைன்மென்ட் தகவல், டெஸ்ட் தேதி எல்லாம் வகுப்புக் குழுவில் வந்து போய்விடும், பிள்ளைக்குத் தெரியாது. முழுசாக விட்டாலும் ராத்திரி பதினொரு மணி வரை வெளிச்சம் தெரியும். படிக்கிற இரண்டு மணி நேரம் போன் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும், அவ்வளவுதான்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. கல்லூரியில் சேர்ந்தவுடன் இதற்குப் பதிவு செய்வது எப்படி என்று அலுவலகத்தில் கேளுங்கள். இந்த மாதிரி வரும் பணத்தை வாரக் கடன் தவணைக்குத் திருப்பி விடாதீர்கள். ஒரு நல்ல ஆங்கிலத் தமிழ் அகராதி, பஸ் செலவு, ஜெராக்ஸ், சிலபஸில் சொன்ன ஒன்றிரண்டு புத்தகம், இதற்கே சரியாக இருக்கும்.

குழுவும் ஒரு காரியம் செய்யலாம். நம் உறுப்பினர்கள் வீட்டில் ஏற்கனவே இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரே படிப்பாக இருந்தால் அவர்களின் சிலபஸ், நோட்டு, பழைய வினாத்தாள் எல்லாம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குத் தங்கம். ஜூன் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டம் நடக்கும் இடத்திலேயே பெரிய பிள்ளைகளையும் புதுப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேச விடுங்கள். டீ, சுண்டல் செலவைத் தவிர வேறு செலவில்லை. நம் மாவட்டத்துக்கு இது பழக்கமான வேலைதான். 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் தெருத் தெருவாகப் போய்த் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் பழகுவதையும் அதோடு சேர்த்தார். அன்று சைக்கிள் பழகிய பெண்களின் பேத்திகள்தான் இன்று காலேஜ் போகிறார்கள்.

அரியர் வந்துவிட்டால்

இவ்வளவும் செய்தும் ஒன்றிரண்டு பாடம் நின்றுபோகலாம். இன்ஜினியரிங்கில் முதல் வருஷக் கணிதப் பாடத்தில் நின்று, பிறகு எழுதித் தேறி, நல்ல வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அரியர் என்ற சொல்லுக்கு நிலுவை என்றுதானே அர்த்தம்? ஒரு தவணை தவறிய உறுப்பினரை நாம் குழுவை விட்டு நீக்குவதில்லை. ஏன் தவறியது என்று கேட்டு, அடுத்த மாதம் சேர்த்துக் கட்டச் சொல்கிறோம். பிள்ளைக்கும் அதே நியாயம்தான்.

கலை, அறிவியல் படிப்பில் முதல் செமஸ்டரில் அரியர் இருந்தாலும் இரண்டாம் செமஸ்டருக்குத் தடையில்லாமல் போகலாம், வருஷம் வீணாகாது. நின்ற பாடத்தை அடுத்து வரும் பரீட்சையில் திரும்ப எழுதலாம். ஏற்கனவே எடுத்த இன்டர்னல் மார்க் அப்படியே இருக்கும். சில மார்க்கில் போயிருந்தால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கடைசித் தேதி ரிசல்ட் வந்த சில நாட்களிலேயே முடிந்துவிடும், வீட்டில் அழுகை, திட்டு எல்லாம் ஓய்வதற்குள் தேதி போய்விடும்.

ரிசல்ட் வந்த அன்றைக்கு யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால் "அந்தப் பேப்பரை எழுதி முடிக்கட்டும்" என்று சொல்லிவிடுங்கள். முதல் வருஷப் பெண்ணுக்கு 18 முடிந்திருக்கவில்லை என்றால் அந்தக் கல்யாணம் சட்டப்படிக் குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181. மறுநாள் காலை பிள்ளையோடு கல்லூரிக்குப் போய் மூன்று விஷயம் கேட்டுக் குறித்து வாருங்கள்: மறுமதிப்பீட்டுக்குக் கடைசித் தேதி, அரியர் பேப்பருக்குக் கட்டணம் எவ்வளவு, அதை எந்தத் தேதிக்குள் கட்டணும். அந்தத் தொகைக்கு உள்கடன் வேண்டுமானால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல் ஊக்குநரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.